போலீஸ் வெரிஃபிகேஷன்: ஆளைப் பார்க்கிறோமா, வழக்கை மட்டும் பார்க்கிறோமா?

மேலூரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து போட்டித் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். எங்களிடம் படித்த ஒரு பையன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறினான். எழுத்துத் தேர்வு, 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டி, கடைசியாக ஒரு படிவம் வந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தான். அப்பா பெயர், ஊர், குடியிருந்த இடங்கள், படித்த பள்ளி என்று கடகடவென்று எழுதிக்கொண்டு வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டான். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு ஏதும் பதிவானதுண்டா, அபராதம் கட்டியதுண்டா என்று கேட்கும் பத்தி அது.

பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். "சார், இல்லன்னு போட்டுரவா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊர்த் திருவிழாவில் மைக்செட் யார் தெருவில் கட்டுவது என்று தகராறு. கைகலப்பு. இரு தரப்பும் ஸ்டேஷனுக்குப் போய், வழக்கும் எதிர்வழக்கும் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் இவன் பெயர் ஆறாவது எதிரியாக வந்திருந்தது. அன்றைக்கு இவன் எங்கள் வகுப்பில் இருந்தான், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள், நீதிமன்றத்தில் சாட்சிகள் யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லாரும் விடுதலை.

"உண்மையை எழுது தம்பி" என்றேன். எழுதினான். அந்தப் பதிலைப் பற்றி நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையும் அதனால்தான்.

அரசு வேலைக்குத் தேர்வானவர்களின் குணநலனையும் முன்நடத்தையையும் சரிபார்ப்பது என்று அரசாணைகள் சொல்வதைத்தான் நாம் போலீஸ் வெரிஃபிகேஷன் என்கிறோம். நடைமுறை சிக்கலானது இல்லை. விண்ணப்பதாரர் நிரப்பிய படிவம் துறையிலிருந்து மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கோ, மதுரை நகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கோ போகும். அங்கிருந்து உள்ளூர் ஸ்டேஷனுக்கும், போலீஸுக்குத் தகவல் திரட்டும் தனிப்பிரிவுக்கும் வரும். ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2009-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த சி.சி.டி.என்.எஸ். திட்டத்தில் காவல் நிலையங்களைக் கணினியில் இணைத்த பிறகு, இன்னொரு மாவட்டத்து வழக்கையும் தேடிப் பார்க்க முடிகிறது. ஏட்டு ஒருவர் தெருவுக்கு வந்து, டீக்கடையிலோ பக்கத்து வீட்டிலோ "பையன் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் ஓர் அறிக்கை போகும். அது பெரும்பாலும் சில வரிதான். வழக்கு இருக்கிறதா, இல்லையா. அதை எழுதிய விதத்தில் ஒருவரின் முப்பது வருட வேலை அடங்கிவிடுகிறது, ஆனால் அந்த அறிக்கையை அவர் கண்ணில் காட்டுவதில்லை.

இந்தச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியையும் லத்தியையும் கையில் கொடுக்கப் போகிறோம், ரேஷன் கிடங்கின் சாவியைக் கொடுக்கப் போகிறோம், பிள்ளைகள் படுத்துத் தூங்கும் விடுதியின் பொறுப்பைக் கொடுக்கப் போகிறோம். யார் இவர் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் இப்போது நாம் கேட்பது அந்தக் கேள்வியை அல்ல. 'வழக்கில் பேர் இருக்கிறதா' என்று மட்டும்தான் கேட்கிறோம்.

வழக்கில் பேர் எப்படி வருகிறது என்பது நம் பக்கத்துக் கிராமங்களில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரப்புத் தகராறு, கண்மாய்த் தண்ணீர், திருவிழாவில் முதல் மரியாதை, பொதுப்பாதை என்று எதில் தொடங்கினாலும் முதல் தகவல் அறிக்கை ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2): ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, கொலை மிரட்டல் விட்டது. இந்த மூன்று எண்ணும் சட்டம் படிக்காத பெரியவர்களுக்கும் மனப்பாடம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு இவை 296(பி), 115(2), 351(3) ஆகிவிட்டன. எண் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை. ஐந்து பேர் அடித்தார்கள் என்றால் புகாரில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அந்தப் பன்னிரண்டில் வெளியூரில் படிப்பவன், அப்போதுதான் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவன் பெயர் தவறாமல் இருக்கும். "அவன் வேலைக்குப் போகக் கூடாது, அவன் பேரையும் சேரு" என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். எதிராளிக்கு உண்மையில் வலிக்கிற இடம் எது என்று ஊருக்குத் தெரியும். இந்தச் சரிபார்ப்பு முறை பகையாளியின் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

சரி, பொய் வழக்கென்றால் நீதிமன்றம் விடுவித்துவிடுமே, அப்புறம் என்ன? இங்கேதான் தமிழ்நாட்டுக் காவலர் பணி விதி குறுக்கே வந்து நிற்கிறது. சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்பது விதி. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று அதற்கு ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். இது சரியா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்குப் போனது. மணிகண்டன் வழக்கு என்று வழக்கறிஞர்கள் சொல்லும் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் விதி செல்லும் என்று முடிவானது. சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கில் பிறகு கௌரவமான விடுதலை கிடைத்தால், அல்லது தவறான புகார் என்று போலீஸே வழக்கை முடித்துவிட்டால், அந்த ஆள் சம்பந்தப்படாதவர் ஆகிவிடுவார். அப்போதும் அந்த வேலை கிடைக்காது, அடுத்த முறை ஆள் எடுக்கும்போது முதலிலிருந்து கலந்துகொள்ளலாம்.

கௌரவமான விடுதலை என்றால் என்ன? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. 2012 நவம்பரில் நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை எடுத்துச் சொன்னது. தென்காசி பேருந்து நிலையத்தில் அத்துமீறி நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு காவலரின் வழக்கு அது. சாட்சிகள் பிறழ்ந்ததால் வந்த விடுதலையைக் காட்டி வேலையைத் திரும்பக் கேட்டார், நீதிமன்றம் மறுத்தது. சாட்சிகளை முழுதாக ஆராய்ந்து, குற்றச்சாட்டை நிரூபிக்க அரசுத் தரப்பால் அறவே முடியவில்லை என்று கண்டு விடுவித்தால்தான் அதைக் கௌரவமான விடுதலை எனலாம் என்பது அங்கே சொன்ன அளவுகோல். அந்த வழக்கில் அது நியாயமாகவே பட்டது. சீருடையில் இருப்பவர் சாட்சியைப் பயமுறுத்தித் தப்பிக்கக் கூடாது.

ஆனால் அதே அளவுகோலை மைக்செட் தகராறுக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். கிராமத்து அடிதடி வழக்கு எதுவும் சாட்சி விசாரணை முழுதாக நடந்து முடிவதில்லை. இரு தரப்பும் ராஜியாகிவிடுகிறார்கள். ராஜி செய்துகொள்ளக்கூடிய பிரிவு என்றால் மனுப் போட்டு முடிப்பார்கள், சட்டப்படி அதற்கும் விடுதலைக்குச் சமமான பலன்தான். ராஜி செய்ய முடியாத பிரிவு ஒன்று கூட இருந்தால், சாட்சிகள் கூண்டில் ஏறி "எனக்குத் தெரியாது" என்பார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவிப்பார். நீதிபதி, குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி விடுவிப்பார். ஊர் சமாதானமாகிவிட்டது என்பதற்கான அடையாளமே அந்தத் தீர்ப்புதான். ஆறாவது எதிரியாக இருந்த பையனுக்கு மட்டும், தான் அங்கே இல்லவே இல்லை என்று நிரூபிக்கும் வாய்ப்பு அதோடு போய்விடுகிறது. தனக்குக் கௌரவமான விடுதலைதான் வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்க முடியாது. நின்றால் ராஜி முறியும், மற்ற ஐந்து பேரும் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

உச்ச நீதிமன்றம் இந்த நிலையை உணராமல் இல்லை. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அதுவரை ஒன்றுக்கொன்று முரணாக வந்த தீர்ப்புகளை ஒழுங்குபடுத்தி வழிமுறை வகுத்தது. விண்ணப்பதாரர் உண்மையைச் சொல்ல வேண்டும், அதில் மாற்றமில்லை. மறைத்தால் அதற்காகவே நீக்கலாம். ஆனாலும் மறைத்தது என்ன என்று பார்க்க வேண்டும். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கு என்றால், மறைத்ததை அதிகாரி மன்னித்துவிடலாம். வழக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது என்றால் மறைத்தார் என்று சொல்ல முடியாது. படிவம் குத்துமதிப்பாகக் கேட்கக் கூடாது, எது வேண்டுமோ அதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். பணி உறுதியான ஊழியர் என்றால் துறை விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது. இதன் மறுபக்கமும் அதே தீர்ப்பில் உண்டு: உண்மையைச் சொன்னவரையும், முடிந்துபோன வழக்கையும் எடைபோட்டு, வேண்டாம் என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டு. எங்கள் பையனை அந்த மறுபக்கம்தான் பிடித்துக்கொண்டது, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

'சின்ன வயதில் கோஷம் போட்டது' என்ற உதாரணத்தைப் படிக்கும்போது மதுரைக்காரனுக்கு 2017 ஜனவரி நினைவுக்கு வராமல் போகாது. தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டுக்காக இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். பல பேர் மீது வழக்குகள் பதிவாகின. போலீஸாரைத் தாக்கியது போன்றவை தவிர மற்ற வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது 2021 பிப்ரவரியில். நடுவில் நாலு வருடம். இருபத்திரண்டு வயதில் இருந்தவனுக்கு இருபத்தாறு ஆகிவிட்டது. காவலர் தேர்வில் பொதுப் பிரிவுக்கு உச்ச வயதே இருபத்தாறுதான், பிற்படுத்தப்பட்டவருக்கு இருபத்தெட்டு.

தடையை மீறிக் கூடினால் அப்போது போட்ட, பழைய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவின் கதை இன்னும் வேதனையானது. அந்தப் பிரிவில் போலீஸார் தாமாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் வழக்கு என்று நம் ஒத்தக்கடை பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையே 2018 செப்டம்பரில் விரிவாக விளக்கியது. அதன் பிறகும், 2020 ஊரடங்கில் வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் மீது அந்தப் பிரிவில் லட்சக்கணக்கில் வழக்குகள் போடப்பட்டன. பிறகு அரசே அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது. அறிவித்தால் போதுமா? ஸ்டேஷன் பதிவேட்டிலும் கணினியிலும் பெயர் நீங்கியதா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? வழக்கு கைவிடப்பட்டதும் சரிபார்ப்புத் தேடலில் அந்தப் பெயர் வரக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்யாமல், வாபஸ் அறிவிப்பு முழுமையாகாது.

கருத்துக்காக ஒருவரைத் தள்ளுவது இன்னொரு பழைய நோய். மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர். அவர் வேலை பார்த்த நகராட்சிப் பள்ளியை 1971-ல் அரசு எடுத்துக்கொண்டது. முன்நடத்தை சரிபார்ப்புக்கு உட்பட்டு அவரை அரசுப் பணியில் சேர்த்தார்கள், 1974-ல் நீக்கினார்கள். முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் பங்கெடுத்தார் என்பது போலீஸ் அறிக்கை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பை ஒவ்வொரு நியமன அதிகாரியும் படிக்க வேண்டும். தேவதைகள் மட்டும் நுழைவதற்கு அரசு வேலை என்ன சொர்க்கமா என்று அதில் கேட்டார். அந்த இயக்கத்தின் அரசியலோடு அவர் உடன்பட்டார் என்பதற்காக அல்ல, போலீஸ் அறிக்கையைக் கொண்டு ஒருவரின் அரசியலை அளக்கக் கூடாது என்பதற்காக. இன்று சிவப்புக்கொடி பிடித்தவர், கறுப்புச் சட்டை போட்டவர், காவிக்கொடி பிடித்தவர் யாராக இருந்தாலும் அந்தக் கேள்வி பொருந்தும்.

மதுரைக்கு மேற்கே போனால் இந்த விஷயத்துக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், எங்கே பிறந்தார் என்று பார்த்தே குற்றவாளி என்று எழுதி வைத்த சட்டம் நம் மண்ணில் அமலில் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள். பிரமலைக் கள்ளர் சமூகத்தின் ஆண்கள் போலீஸில் ரேகை பதிய வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். மதராஸ் மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதே உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இன்று வரும் பிள்ளைகள் காவலர் தேர்வுக்கு வெறியோடு படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரை, நிரூபிக்கப்படாத ஒரு வழக்கின் பெயரால் திருப்பி அனுப்பும்போது நாம் எதை மறுபடி செய்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். சரித்திரப் பதிவேடு என்று ஸ்டேஷனில் வைத்திருக்கும் ஹிஸ்டரி ஷீட்டில் எந்திரத்தனமாகப் பெயர்களைச் சேர்ப்பது, பின்தங்கிய சமூகத்தவர் என்பதாலேயே சேர்ப்பது, சிறுவர்களின் பெயரை எழுதுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. நூறு வருடம் கழித்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. 18 வயதுக்கு முன் நடந்த தவறு பின்னாளில் தகுதியிழப்பு ஆகாது என்று சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 24-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஒரு சில கொடுங்குற்றங்களுக்கு மட்டுமே விலக்கு. இது தெரியாமல் பதினாறு வயது வழக்கை நினைத்துப் படிவத்தின் முன் நடுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஒரு வாசலில். இன்னொரு வாசல் திறந்தே கிடக்கிறது. அரசு மருத்துவமனைக் காவலாளி, துப்புரவுப் பணியாளர், அலுவலகத்துத் தட்டச்சர், ஓட்டுநர் என்று பாதி வேலை இப்போது ஒப்பந்தத்தில்தான் நடக்கிறது. நிரந்தரப் பணியாளருக்குச் செய்யும் சரிபார்ப்பை ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் ஆளுக்கு யார் செய்கிறார்கள்? பிள்ளைகளோடு பழகும் ஊழியர் எல்லாருக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், அதையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள் சொல்கின்றன. பள்ளிக்கு வந்துபோகும் வேன் ஓட்டுநர்வரை அதைச் செய்தால் அதுதான் உருப்படியான சரிபார்ப்பு. அப்புறம், உள்ளே நுழையும்போது ஒருமுறை பார்ப்பதோடு சரி. நுழைந்து பத்து வருடம் கழித்து அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் உயிரிழந்த வழக்கின் விசாரணை மதுரை நீதிமன்றத்தில்தான் நடந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாம் சீருடைப் பணிக்குள் இருந்தவர்கள். வாசலில் ஆறாவது எதிரியைத் தடுத்து நிறுத்தும் முறை, உள்ளே நடப்பதைப் பார்க்கும் கண்ணாக இல்லை.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றால், இல்லை. அமெரிக்காவில் ரகசியப் பணிகளுக்கான பின்னணி விசாரணையைத் தனியாரிடம் விட்டார்கள். ஒரு நிறுவனம் சுமார் 6.65 லட்சம் கோப்புகளைச் சரியாக ஆய்வு செய்யாமலே முடித்துவிட்டதாகக் காட்டி அனுப்பியது என்று அந்நாட்டு நீதித்துறை 2014-ல் குற்றம் சாட்டியது. அடுத்த வருடம், விசாரணைக்காகச் சேர்த்து வைத்த சுமார் 2.15 கோடிப் பேரின் விவரங்களை யாரோ கணினியில் புகுந்து திருடியிருந்தது தெரியவந்தது. சேர்க்கும் விவரம் எல்லாம் ஒருநாள் வெளியே போகலாம் என்ற பாடம் நமக்கும் உண்டு. பிரிட்டனில் 1974-லேயே ஒரு சட்டம் வந்தது. தண்டனை பெற்றவராக இருந்தாலும், குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்துவிட்டால் பெரும்பாலான தண்டனைகள் காலாவதியாகிவிடும், சாதாரண வேலைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள், நோயாளிகள் போன்றோரிடம் வேலை என்றால் மட்டும் சொல்ல வேண்டும். தண்டனை பெற்றவருக்கே அங்கே ஒரு கால எல்லை இருக்கிறது. இங்கே விடுதலையானவருக்குக்கூட இல்லை.

என்ன செய்யலாம்? எனக்கு முதலாவதாகப் படுவது, அறிக்கையைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டுவது. மேற்கு வங்கத்தில் 1985-ல் சேர்ந்த ஓர் அரசு மருத்துவப் பணியாளரைப் பற்றிய போலீஸ் அறிக்கை இருபத்தைந்து வருடம் கழித்து வந்தது. ஓய்வு பெற இரண்டே மாதம் இருக்கும்போது அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்ததோடு, நியமனத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் சரிபார்ப்பை முடிக்க வேண்டும் என்று எல்லா மாநிலப் போலீஸுக்கும் உத்தரவிட்டது. காலக்கெடு வந்துவிட்டது. அறிக்கையின் நகலைக் கொடுத்து, பதினைந்து நாள் அவகாசத்தில் பதில் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதும் வர வேண்டும். உளவுத் தகவலின் மூலத்தை மறைத்துவிட்டுக் கொடுக்கலாம், அதில் தவறில்லை. 'நீ அன்றைக்கு எங்கே இருந்தாய்' என்று ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் எங்கள் பையன் வருகைப் பதிவேட்டின் நகலைக் கொண்டுபோய் நீட்டியிருப்பான்.

இரண்டாவது, வேலையைப் பார்த்துச் சோதனை. விமான நிலையத்தில் ஓடுதளம்வரை போகும் அனுமதிச் சீட்டுக்குக் கடுமையான பின்னணிச் சோதனை நியாயம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு அதைவிடக் கடுமை நியாயம். கிராம நிர்வாக அலுவலகத்து உதவியாளருக்கும், கால்நடை மருத்துவமனைப் பராமரிப்பாளருக்கும் அதே தராசு எதற்கு? லஞ்சம், மோசடி, பெண்கள் குழந்தைகள் மீதான குற்றம், சாதி வன்கொடுமை இவை எந்த அரசு வேலைக்கும் கனமானவை. மைக்செட் தகராறு அந்தத் தட்டில் ஏறவே கூடாது. காவலர் பணிக்கு மட்டும் தனி அளவுகோல் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'சம்பந்தப்பட்டவர்' என்ற சொல்லின் பொருளை விதி மாற்றி எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருந்தது என்பதற்கும், இந்த ஆள் இன்னது செய்தான் என்று குற்றப்பத்திரிகையில் குறிப்பாகச் சொல்லியிருப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. விடுதலைத் தீர்ப்பில் 'சந்தேகத்தின் பலன்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடும் வேலையை விட்டுவிட்டு, அந்த ஆளுக்கு எதிராக ஒரு சாட்சியாவது ஏதாவது சொன்னாரா என்று பார்க்கச் சொல்லலாம். அதைப் பார்க்கத் தீர்ப்பின் நாலு பக்கம் போதும்.

இந்த முடிவைத் தனி ஒரு அதிகாரி எடுப்பதும் சரியில்லை. காவல்துறை, வருவாய்த்துறை, ஓய்வுபெற்ற நீதிபதி என்று மூன்று பேர் கொண்ட குழு மாவட்டத்துக்கு ஒன்று இருந்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டிய கட்டாயம் வரும். இப்போது வரும் கடிதத்தில் விதியின் எண் மட்டும் இருக்கிறது.

எங்கள் பையனுக்கு வந்த கடிதமும் அப்படித்தான் இருந்தது. அதை மடித்துத் தன் ஓஎம்ஆர் பயிற்சித் தாள்களுக்கு நடுவில் வைத்திருக்கிறான். அவன் பிற்படுத்தப்பட்ட பிரிவு, இப்போது இருபத்தேழு வயது. உயர் நீதிமன்றக் கிளையில் மனுப் போட்டிருக்கிறோம். மனுவோடு சேர்க்க அன்றைய வருகைப் பதிவேட்டுப் பக்கத்தை நகல் எடுத்தோம். தேதிக்கு நேராக அவன் கையெழுத்து, அதற்குக் கீழே என்னுடையது. வழக்கு விசாரணைக்கு வருவது முதலிலா, அவனுக்கு இருபத்தெட்டு நிரம்புவது முதலிலா என்று மாலையில் வகுப்புக்கு வரும்போதெல்லாம் கேட்கிறான்.